கல் மாறியதா, அளவு மாறியதா? இணையத்தில் வாங்கிய ஒரு வைர மோதிரத்தின் 113 நாட்கள்

மோதிரம் என் மேசைக்கு வந்தபோது, அதை வாங்கி 40 நாள் ஆகியிருந்தது. இணையத்தில் வாங்கினார்கள், பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பினார்கள். 'எங்களுக்கு வந்து சேர்ந்தது நாங்கள் அனுப்பிய கல் இல்லை' என்ற கடிதத்தோடு அது அவர்களிடமே திரும்பி வந்துவிட்டது. கணவன் கையில் ஒரு தடிமனான ஃபைல். மனைவி உட்கார்ந்ததும் சொன்னது இதுதான்: "அண்ணா, நாங்க கல்லை மாத்தல. பணம் வராட்டிக் கூடப் போகட்டும். திருடின மாதிரி எழுதியிருக்காங்க பாருங்க, அதை மட்டும் இல்லைன்னு யாராவது சொல்லணும்."

கல் சோதனையும் நகை மதிப்பீடும் என் தொழில். இணையத்தில் வாங்கிய வைரம் சம்பந்தமான புகார்கள் நிறையவே வருகின்றன. அவற்றில் இந்த ஒன்றை முழுக்க எழுதக் காரணம், இரண்டு தரப்பிலும் யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் 113 நாள் இழுத்தது. அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். விற்றவர் பெயரும் வேண்டாம், வாங்கியவர் பெயரும் வேண்டாம்.

என்ன வாங்கினார்கள்

வட்ட வெட்டு வைரம், 1.01 காரட், நிறம் ஜி (ஏறக்குறைய நிறமற்றது), தெளிவு எஸ்.ஐ.1 (லென்ஸில் பார்த்தால் தெரியும் சிறு குறைகள் உள்ள தரம்). வைரத்தில் காரட் என்றால் எடை: 1 காரட் 200 மில்லிகிராம். தங்கத்தின் 18 காரட், 22 காரட் தரக்கணக்கு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்களை இன்னமும் பார்க்கிறேன். 1.01 காரட் என்பது தொழிலில் 101 சென்ட். ஆறு நகம் வைத்த மோதிரம். நகம் என்பது கல்லைக் கவ்விப் பிடிக்கும் ப்ராங். கூடவே ஒரு பெரிய ஆய்வகத்தின் சான்றிதழ். அதன் பத்து இலக்க எண் கல்லின் கர்டில் மேல், அதாவது இடுப்பு விளிம்பின் மேல், லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும்.

விற்பனைப் பக்கத்தில் கல் சுழலும் வீடியோ இருந்தது. எல்லாப் பக்கமும் பளீரென்று மின்னியது. கையில் வந்த கல் அப்படி இல்லை. கணவன் சொன்ன உவமையை விட நல்லதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை: "சுடுதண்ணியில குளிச்சிட்டு வந்தா பாத்ரூம் கண்ணாடி இருக்குமே, அப்படி."

அது உண்மைதான். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதத்தின் மேல் அந்த மோதிரத்தையும், அதே எஸ்.ஐ.1 தரத்தில் என்னிடமிருந்த இன்னொரு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டாவது கல்லில் லென்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது, ஆனால் கல் கண்ணாடி போல் இருந்தது. இவர்களுடையதில் புள்ளியே இல்லை. கல் முழுக்க ஒரு மெல்லிய பால் படலம். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

முதல் கடிதமே தவறு

பார்சல் வந்த 4-ஆம் நாள் கணவன் விற்றவருக்கு எழுதினார். படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் பின்னால் வந்த பாதி சிக்கலுக்கு விதை அதில்தான் இருந்தது. 'நீங்கள் அனுப்பியது போலி. சான்றிதழில் ஃப்ளூரசென்ஸ் இருக்கிறது, அதை மறைத்து விற்றிருக்கிறீர்கள், அதனால்தான் கல் மங்கலாக இருக்கிறது.'

புற ஊதா வெளிச்சத்தில் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். அதுதான் ஃப்ளூரசென்ஸ். சான்றிதழில் 'நடுத்தரம், நீலம்' என்று இருந்தது. இதனால் கல் மங்கும் என்று எங்கே பார்த்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜி.ஐ.ஏ. ஆய்வகம் இதை 1997-இல் ஆராய்ந்து வெளியிட்டது. ஒளிரும் கற்களில், அதனால் மங்கித் தெரிபவை 0.2 சதவீதத்துக்கும் குறைவு என்பதே அவர்கள் சொல்வது. பெரும்பாலான கற்களில் அந்த நீலம் ஒரு கெடுதலும் செய்வதில்லை.

மங்கலுக்குக் காரணம் சான்றிதழின் அடியில், சின்ன எழுத்தில் ஒரே வரியாக இருந்தது: 'தெளிவுத் தரம் இங்கே வரைந்து காட்டாத மேகங்களை வைத்துத் தரப்பட்டது.' மேகம் என்பது வைரத்துக்குள் இருக்கும் மிக நுண்ணிய புள்ளிகளின் கூட்டம். ஒரு மூலையில் கொஞ்சம் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. கல் முழுக்கப் பரவியிருந்தால் ஒளி உள்ளேயே சிதறிவிடும். அதை, கல்லின் குறைகளைக் காட்டும் சான்றிதழ் வரைபடத்தில் குறித்தால் படம் முழுவதையும் நிரப்ப வேண்டியிருக்கும், அதனால் வரையாமல் வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது சுத்தமான கல் போலத் தெரியும். எஸ்.ஐ.1 என்று போட்டிருந்தால் இந்த வரி இருக்கிறதா என்று நான் எப்போதும் முதலில் தேடுவேன். ஒரே தரம் வாங்கிய இரண்டு கற்களில் ஒன்று உயிரோடு இருக்கும், இன்னொன்று தூங்கும். காரணம் பெரும்பாலும் இந்த வரிதான்.

விற்பனைப் பக்கத்தில் அந்த வரி இல்லை. வீடியோவும் காட்டிக்கொடுக்கவில்லை, பலமான நேர் விளக்குகள் நடுவில் எடுத்தால் மேகம் தெரியாது. சான்றிதழின் படம் இணைப்பாக இருந்தது. 'இணைப்பில் இருந்ததே' என்பது விற்றவரின் வாதம். சட்டப்படி அது நிற்கலாம். ஆனால் பல மாதச் சேமிப்பைப் போட்டு வாங்குபவருக்கு, கல்லின் அழகைத் தீர்மானிக்கும் ஒரே வரியை ஐந்தாவது சொடுக்கில் ஒளித்து வைப்பது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, இப்போது கடிதத்துக்கு வருவோம். 'போலி' என்று எழுதியதும் விற்றவரின் வேலை சுலபமாகிவிட்டது. கல் அசல், சான்றிதழ் அசல் என்று நிரூபித்தால் போதும், மங்கல் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. 9-ஆம் நாள் அப்படியே பதில் வந்தது. கடைசியில் ஒரு வரி: 30 நாளுக்குள் திருப்பி அனுப்பினால் முழுப்பணம் தருகிறோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் அனுப்பியிருந்தாலே பாதி தூரம் கடந்திருப்பார்கள்.

ஆனால் அவர்கள் கோபத்தில் இருந்தார்கள். 11-ஆம் நாள் கணவன் வங்கியில் கார்டு புகார் கொடுத்தார், 'சொன்னபடி பொருள் இல்லை' என்ற காரணத்தில். விசா விதிகளில் அது 13.3. விற்றவர் சான்றிதழை நீட்டினார். எடை, நிறம், தெளிவு எல்லாம் பக்கத்தில் சொன்னபடியே இருந்தன. 58-ஆம் நாள் வங்கி விற்றவர் பக்கம் முடிவு சொன்னது. பொருளைத் திருப்பிய பிறகும் பணம் வராவிட்டால் அதற்கென்று தனிக் காரணம் உண்டு, அவர்களுக்குப் பொருந்தியிருக்க வேண்டியது அதுதான். ஒரே பணப்பரிமாற்றத்தைக் காரணம் மாற்றி மீண்டும் எடுக்க வங்கி மறுத்துவிட்டது. அவசரத்தில் முதல் சீட்டைப் போட்டுவிட்டார்கள்.

19-ஆம் நாள் மோதிரம் திரும்பிப் போனது. 31-ஆம் நாள் அந்தக் கடிதம் வந்தது.

'கல் வேறு'

கடிதத்தில் இரண்டே வாக்கியம். திரும்பி வந்த கல்லின் மதிப்பிடப்பட்ட எடை 0.98 காரட். அனுப்பியது 1.01 காரட், ஆகவே பணம் தர இயலாது.

விற்றவர் மேல் உடனே கோபப்படுவதும் சரியாக இருக்காது. வாங்கிய கல்லைக் கழற்றி மலிவான கல்லைப் பொருத்தித் திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள், அது கற்பனை பயம் கிடையாது. ஆனால் அப்படி மாற்றுபவர் 3 சென்ட் குறைந்த இன்னொரு நல்ல வைரத்தைப் பொருத்தமாட்டார். மாய்ஸனைட் வைப்பார், அல்லது க்யூபிக் சிர்கோனியா வைப்பார். அளவு அப்படியே இருந்து சிர்கோனியா வைத்திருந்தால், அது வைரத்தை விட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி என்பதால் மோதிரமே ஏறக்குறைய 0.13 கிராம் கூடியிருக்கும். மாய்ஸனைட் என்றால் 0.02 கிராம் போலக் குறைந்திருக்கும். 3 சென்ட் என்பது 6 மில்லிகிராம். அதை மோதிரத்தோடு சாதாரண நகைத் தராசில் வைத்துப் பார்க்க முடியாது. அப்படியென்றால் 0.98 எங்கிருந்து வந்தது?

நான் முதலில் செய்ததில் ஒரு தவறு நடந்தது. பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைச் சுற்றித் தேடினேன். பொறித்த எண் கிடைத்தது. ஆனால் பத்து இலக்கத்தில் நான்கு ஒரு நகத்துக்கு அடியில் போய்விட்டன. தெரிந்த ஆறும் சான்றிதழோடு ஒத்துப்போயின. அதை வைத்து 'இது அதே கல்' என்று ஒரு பத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். 47-ஆம் நாள் விற்றவர் மறுத்தார்: ஆறு இலக்கம் பத்து ஆகாது, எண்ணையே போலியாகப் பொறிக்க முடியும். இரண்டுமே சரியான மறுப்பு. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தின் மேல் வேறொரு இயற்கை வைரத்தின் சான்றிதழ் எண்ணைப் பொறித்து அனுப்பிய கற்களை ஜி.ஐ.ஏ.வே பிடித்து வெளியிட்டிருக்கிறது. தெரிந்தும் அவசரப்பட்டேன். அந்த ஒரு பத்திக்காக அவர்களுக்கு ஒரு வாரம் போனது.

அப்புறம் செய்ததுதான் முக்கியம். 'எப்படி அளந்தீர்கள்?' என்று கேட்டு எழுதச் சொன்னேன். குற்றச்சாட்டு இல்லாமல், அந்த ஒரு கேள்வியை மட்டும். இரண்டு நாளில் அவர்கள் கிடங்குக் குறிப்பின் படம் வந்தது. விட்டம் 6.45 மில்லிமீட்டர், ஆழம் 3.86, மதிப்பீடு 0.98.

மோதிரத்தில் பதித்த கல்லை எடை போட முடியாது, சூத்திரத்தில்தான் கணக்கிடுவார்கள். வட்ட வெட்டுக்கு: சராசரி விட்டத்தை அதாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 0.0061-ஆல் பெருக்க வேண்டும். 6.45, 3.86 போட்டால் 0.98 வருகிறது. சான்றிதழில் விட்டம் அதே 6.45, ஆழம் 3.98. அதைப் போட்டால் 1.01. ஆக, வித்தியாசம் முழுவதும் ஆழத்தில் இருந்த 0.12 மில்லிமீட்டர்.

மோதிரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். கல்லின் அடி நுனிக்கு நேர் கீழே, தாங்கலுக்காக ஒரு குறுக்குப் பட்டை. அளவியின் ஊசியை நுனி மேல் நேராக வைக்க இடமே இல்லை, சாய்த்துத்தான் நுழைக்க முடியும். ஊசி நுனியை விட்டு விலகி அடிப்பக்கச் சரிவில் நின்றால் ஆழம் குறைவாகத்தான் காட்டும். நல்ல வட்ட வெட்டில் அந்தச் சரிவு 41 டிகிரி அளவில் இருக்கும். 0.12 குறைவதற்கு ஊசி 0.14 மில்லிமீட்டர் விலகினால் போதும். நானே அதே மாதிரி சாய்த்து மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது, ஒன்றுகூட 3.98-ஐத் தொடவில்லை.

கழற்றியபோது

இனி கல்லைக் கழற்றி எடை போடுவதே வழி. ஆனால் வாங்கியவர் தானாகக் கழற்றினால் 'நகையை மாற்றிவிட்டீர்கள், இனி திருப்ப முடியாது' என்று சொல்ல விற்றவருக்கு இடம் கிடைக்கும். அதனால் எழுத்தில் சம்மதம் கேட்டோம். என்ன செய்யப்போகிறோம், எந்தத் தராசு, யார் முன்னிலையில், முழு வீடியோ அனுப்புகிறோம் என்று எல்லாம் சொல்லிக் கேட்டோம். சம்மதம் வந்தது. இந்த இடத்தில் விற்றவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

52-ஆம் நாள் கழற்றினேன். கேமராவை ஒரு முறைகூட நிறுத்தவில்லை. நகங்களை ஒவ்வொன்றாக நெகிழ்த்தி, கல் காகிதத்தில் விழுந்ததும் முதலில் விளிம்பைத் திருப்பினேன். பத்து இலக்கமும் தெரிந்தன, பத்தும் பொருந்தின. தராசில் 1.016 என்று காட்டியது. கணவன் முகம் வாடிவிட்டது. "அப்படின்னா 1.02 தானே? அதுவும் பொருந்தலையே?" பயப்பட வேண்டியதில்லை என்று விளக்கினேன். பள்ளிக்கூடக் கணக்குப்படி 1.02-தான். ஆனால் வைர எடையில் மூன்றாவது தசம இடம் 9 ஆக இருந்தால் மட்டுமே மேலே ஏற்றுவார்கள். 1.018 இருந்தாலும் சான்றிதழில் 1.01 என்றே வரும்.

ஆழத்தை இப்போது தடையில்லாமல் அளந்தேன்: 3.98. வரைபடத்தில் குறித்திருந்த ஒரே அடையாளம், விளிம்பை ஒட்டி இறகு போன்ற ஒரு சின்ன விரிசல். அது அதே இடத்தில் இருந்தது. விரிசல் இருக்கும் இடத்தை யாரும் லேசரால் பொறித்துக் கொண்டுவர முடியாது.

கடைசியாக அறை விளக்கை அணைத்துவிட்டு நீண்ட அலை புற ஊதா விளக்கைக் காட்டினேன். நடுத்தரமான நீலம், சான்றிதழில் சொன்ன மாதிரியே. இயற்கை வைரத்தில் நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து நின்ற ஒருவித அமைப்பு தரும் நீலம் இது. ஆய்வகத்தில் வளர்த்த வைரங்களில் நீண்ட அலையில் இப்படி ஒளிர்வது அரிது. கல்லைக் கெடுத்தது என்று அவர்கள் முதல் கடிதத்தில் குற்றம் சாட்டிய அதே ஒளிர்வு இப்போது அவர்களுக்காகச் சாட்சி சொன்னது. இருட்டில் அந்தச் சின்ன நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா அழுதுவிட்டார்.

இந்த முறை நான் பத்தி எழுதவில்லை. அளவுகள், எண்ணின் படம், விரிசலின் படம், புற ஊதா படம், தராசின் திரை, வீடியோ எல்லாம் சேர்த்து எட்டுப் பக்கம். அதோடு ஒரு யோசனையும் சேர்த்தோம்: சான்றிதழ் கொடுத்த ஆய்வகத்துக்கே கல்லை அனுப்புவோம், முடிவு யாருக்கு எதிராக வருகிறதோ அவர் கட்டணம் கொடுக்கட்டும். 60-ஆம் நாள் விற்றவர் ஒத்துக்கொண்டார். 97-ஆம் நாள் ஆய்வகம் இரண்டும் ஒரே கல் என்று உறுதி செய்தது. 113-ஆம் நாள் முழுப்பணமும் வந்தது. ஆய்வகக் கட்டணத்தையும் விற்றவரே ஏற்றுக்கொண்டார்.

எங்கே நழுவியது

விற்றவர் பக்கம்: குறுக்குப் பட்டை வைத்த மோதிரத்தில், கல்லின் எண்ணைப் பார்க்காமல், சூத்திரத்தில் வந்த மதிப்பீட்டை அளவாக எடுத்துக்கொண்டு ஒருவரின் நேர்மையைச் சந்தேகித்தார்கள். பொறித்த எண்ணை நகம் மறைக்காதபடி கல்லைத் திருப்பிப் பதித்திருந்தால் பார்சல் வந்த அன்றே தெரிந்திருக்கும். பதிப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை.

வாங்கியவர் பக்கம்: பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் அதில் பெட்டியும் முகங்களும் இருக்கின்றன, கல்லின் விளிம்பு இல்லை. திருப்பி அனுப்பும்போது ஒரு படம்கூட எடுக்கவில்லை. தகராறு வந்ததோ திரும்பிப் போன பார்சலில். வந்த அன்றும் அனுப்புகிற அன்றும் எந்த நகைக் கடைக்காரரிடமாவது லென்ஸ் வாங்கி, எண்ணைப் படித்து, ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் 31-ஆம் நாள் கடிதத்துக்கு அன்று மாலையே பதில் போட்டிருக்கலாம்.

ஒன்றில் அவர்கள் தப்பித்தார்கள். வாங்கும்போது 'உள்பக்கம் பெயர் பொறித்துத் தருகிறோம், இலவசம்' என்று ஒரு கட்டம் இருந்ததாம். மனைவிதான் வேண்டாம் என்றாராம். பொறித்திருந்தால் அது அவர்களுக்கென்றே செய்த பொருள் ஆகியிருக்கும். பல இணையக் கடைகளின் விதியில் அதற்குத் திருப்பும் உரிமை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/83 சட்டம் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம் என்கிறது. அதுவும் வாங்குபவருக்கென்று தனியாகச் செய்த பொருளுக்குப் பொருந்தாது. இலவசக் கட்டத்தைத் தொட்டதால் நல்ல வழக்கைத் தொடங்கும் முன்பே இழந்தவர்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். விரல் அளவைச் சரிசெய்வதும் அப்படித்தான், திருப்பும் காலக்கெடு முடியும் வரை மோதிரத்தைத் தட்டாசாரியிடம் காட்டவே கூடாது.

மங்கல் பற்றிய முதல் புகார் மட்டும் யாராலும் தீர்க்கப்படவில்லை. பணம் வந்தது, ஏனென்றால் 30 நாளுக்குள் திருப்பினார்கள். கல் மங்கல் என்று யாரும் ஒத்துக்கொண்டதால் வரவில்லை. சில வாரம் கழித்துக் கணவன் எனக்கு ஒரு இணைப்பு அனுப்பினார். அதே பத்து இலக்க எண், அதே சுழலும் வீடியோ, வேறொரு மோதிரத்தில் மறுபடி விற்பனைக்கு இருந்தது. மேகங்கள் பற்றிய வரி பக்கத்தில் இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை தேடினேன். இல்லை. விற்றவருக்கு அன்றே எழுதினேன்.